எர்மீனியோ ஏற்றிவிட்ட ஏலம்

லாஸ் பானோஸ் ஊரில் தூய ஆவியார் திருவிழா ஏலத்தில் எர்மீனியோ போர்பா கை தூக்காமல் ஒரு கன்றுக்குட்டியும் விலை போனதில்லை. ஊர்வலம் முடிந்து, மண்டபத்தில் புதினா போட்ட இறைச்சிச் சாற்றில் ரொட்டியை ஊறவைத்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வரும்போது வேலிக்குள் கன்றுகள் தயாராக நிற்கும். இன்னார் வீட்டுக் கன்று என்று பெயர் சொல்லித்தான் ஏலம் தொடங்கும். வாங்குகிறவன் பெரும்பாலும் ஓட்டிக்கொண்டு போக வாங்குவதில்லை. "திரும்ப விடு" என்பான். அதே கன்று மறுபடி ஏலத்துக்கு வரும், மண்டபத்துக்கு இரட்டைப் பணம் சேரும். ஒரு வருடம் ஒரே கன்றை மூன்று தடவை வாங்கி மூன்று தடவையும் திரும்ப விட்டவர் எர்மீனியோ. அந்தக் கதையை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எவன் நிஜமாக வாங்க வந்தவன், எவன் சும்மா ஏற்றிவிட வந்தவன் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வாங்க வந்தவன் தயங்கினால் பக்கத்தில் நிற்பவன் ஒரு கை தூக்கி அவனை உசுப்புவான். அவன் இன்னும் ஒரு படி ஏறுவான், இவன் நிறுத்திக்கொள்வான். தப்பித்தவறி இவன் தலையில் விழுந்தாலும் குடி முழுகிப்போகாது. திரும்ப விட்டால் தீர்ந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை எர்மீனியோவுக்கு ஏலம் என்றால் இது ஒன்றுதான். வைக்கோல் லாரி ஓட்டுகிற மனிதனுக்கு வேறு எந்த ஏலம் தெரியும்?

அவருடைய தங்கை டெல்ஃபீனா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் எல்மானோ முப்பது வருடம் பால்பண்ணைகளில் கறந்தவன். ஒரு காளை அவனைக் கதவோடு சேர்த்து நசுக்கியதில் இடுப்பு போயிற்று. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு சக்கர நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கிய வீடு அவர்களுடையது. கடன் இன்னும் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் டாலர் நின்றது. வீட்டின் மதிப்போ அதில் பாதிகூட இல்லை. கடன் கொடுத்த வங்கி எப்போதோ அதை யாருக்கோ விற்றுவிட்டது. தவணை வசூலிப்பது டெக்சாஸில் இருக்கிற ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியில் டெல்ஃபீனா ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல் எடுக்கும், அனுப்பிய காகிதங்களையே மறுபடி அனுப்பச் சொல்லும்.

கடைசியில் வீட்டுத் தரகர் லொரேன் பிட்மன் வழி சொன்னாள். கம்பெனியின் சம்மதத்தோடு, வருகிற விலைக்கு வீட்டை விற்றுவிடுவது, மீதிக் கடனை அவர்கள் தள்ளிவிடுவது. ஷார்ட் சேல் என்று அதற்குப் பெயர். தக்காளி ஆலையில் வேலை பார்க்கிற ஈசித்ரோவும் அவன் மனைவி மாரிசெலாவும் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு ஏழு மாதம் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மாரிசெலா ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டு போனாள். டெல்ஃபீனாதான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள்.

டெல்ஃபீனாவுக்கு லாபம் என்று ஒரு காசு கிடையாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஜப்தி என்ற சொல் தன் பெயரோடு ஒட்டாமல் இருப்பது. ஆறாம் தெருவில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். வாசலில் சரிவுப் பாதை, குளியலறைக் கதவு நாற்காலி நுழைகிற அகலம். அந்த ஊரில் அப்படி ஒன்று மறுபடி கிடைக்காது. வாடகைக்கு விடுகிற ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஷார்ட் சேல் என்றால் பரவாயில்லை, ஜப்தி ஆனவர்கள் மனுவையே வாங்கமாட்டோம் என்று. ஊரில் மற்ற ஆபீஸ்களிலும் அதே சட்டம்தான். வீடு கிடைக்காவிட்டால் எல்மானோவை டர்லாக்கில் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில்தான் விடவேண்டும். எர்மீனியோ குடியிருப்பது ஒரு குறுகலான டிரெய்லர் வண்டி வீட்டில். அதன் கதவில் நாற்காலியை நுழைத்துப் பார்த்ததில் எல்மானோவின் விரல் மூட்டுத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"அந்த இல்லத்துல அஞ்சு மணிக்கே சோத்தைப் போட்டு ஏழு மணிக்கு விளக்கை அணைச்சிடுவாங்களாம் மச்சான்" என்பான் எல்மானோ. "கோழிப்பண்ணை கெட்டது போ. நான் முட்டைகூடப் போட மாட்டேனே, என்னை எதுக்கு வச்சிருக்கப்போறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் சொல்லிவிட்டு டெல்ஃபீனாவின் பக்கம் பார்க்கமாட்டான்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை லொரேன் வந்தாள். அன்றைக்கு எர்மீனியோவும் அங்கே இருந்தார். சமையலறை மேஜையில் இனிப்பு ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"டெல்ஃபீனா, உக்காருங்க. கம்பெனி பதில் போட்டுட்டாங்க" என்றாள் லொரேன். "சம்மதம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. வீட்டை இன்டர்நெட் ஏலத்துல போடணுமாம்."

"ஏலமா? ஆள்தான் இருக்காங்களே. ஏழு மாசமா இருக்காங்களே."

"அவங்களும் ஏலத்துல வந்து கேக்கணும். அப்பத்தான் இது நியாயமான விலையான்னு தெரியுமாம்."

"ஏழு மாசம் கழிச்சா இந்தச் சந்தேகம் வந்துச்சு அவங்களுக்கு?" என்றான் எல்மானோ.

லொரேன் களைத்துப் போயிருந்தாள். இந்த வருடம் இது அவளுக்கு ஐந்தாவது வீடு. "ஏலக்காரனுக்கு வாங்கறவங்க நூத்துக்கு அஞ்சு கட்டணம் கட்டணும். ஈசித்ரோகிட்ட பேசிட்டேன். மொத்தமே ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம்தான் அவங்களால முடியும். கட்டணம் போக ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் வரைக்கும் கேப்பாங்க. கம்பெனி ஒரு அடிவிலை வச்சிருக்கு. எவ்வளவுன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. அதை எட்டலேன்னா ஷார்ட் சேல் ரத்து, மே பதினாலு கோர்ட்டு வாசல்ல ஜப்தி ஏலம். ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு. இனிமே தள்ள மாட்டாங்க."

டெல்ஃபீனா எழுந்து போய் அடுப்பில் எதுவும் இல்லாத பாத்திரத்தைக் கிளறினாள்.

"முன்னாடி கையெழுத்துப் போட்டீங்களே, அந்த உறுதிமொழி இன்னும் இருக்கு" என்றாள் லொரேன், பையை மூடிக்கொண்டே. "வாங்கறவங்க உங்க குடும்பத்துல யாரும் இருக்கக் கூடாது. சொந்தக்காரங்க, பந்துக்கள், யாரும்."

எர்மீனியோ காதிலும் அது விழுந்தது. விழாமல் இல்லை. நாம் என்ன வாங்கவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ரொட்டித் துண்டை எடுத்தார். அந்த ரொட்டித் துண்டைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்திருப்பார் என்று கணக்கில்லை.

ஏலம் மூன்று நாள். செவ்வாய் தொடங்கி வியாழன் நண்பகலில் முடியும். வைக்கோல் எடைபோடுகிற அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானமே எர்மீனியோ அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தங்கையின் வீட்டுப் படம் அதில் இருந்தது. வாசலில் எல்மானோ நட்ட எலுமிச்சை மரமும் இருந்தது. படத்தின் கீழே ஏலக்கேள்வி அறுபத்தையாயிரத்தில் நின்றது. அதற்கும் கீழே சிவப்பில், அடிவிலையை எட்டவில்லை என்று எழுதியிருந்தது.

மனிதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்தையாயிரமா? அந்த வீட்டுக் கூரையை அவரும் எல்மானோவும் சேர்ந்து மாற்றியதற்கே எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது! கூட்டத்தில் ஏற்றிவிட ஒரு நல்ல ஆள் இல்லை, அதுதான் குறை என்று பட்டது அவருக்கு. யாரிடமும் கேட்கவில்லை. திருவிழாவில் யாரைக் கேட்டுக் கை தூக்கினார், இப்போது கேட்பதற்கு? பெயரைப் பதிந்தார். கடன் அட்டையில் இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் பிடித்து வைப்போம் என்றது திரை, சரி என்றார். வரிசையாக ஏழெட்டுக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியை லாரியில் வைத்துவிட்டு வந்திருந்தார். எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக்கொண்டே போனார். அடப் பாவி மனுஷா, லாரி இருபதடி தூரத்தில்தானே நின்றது.

புதன்கிழமை அவர் ஒன்றும் செய்யவில்லை. விலை தானாகவே தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. இன்னார் கேட்டார் என்று பெயர் கிடையாது. வெறும் எண்கள். அதில் எது ஈசித்ரோ, எது வேறு ஆள், எது கம்பெனியே தன் வீட்டுக்குத் தானே கேட்பது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிக் கம்பெனி கேட்கலாம் என்றும் அந்தப் பொடி எழுத்தில் எழுதியிருந்ததாம். எர்மீனியோவுக்கு முகங்கள் தெரியாதது மட்டும்தான் சங்கடமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறான், தயங்குகிறானா, பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கிறானா, ஒன்றும் தெரியவில்லை.

வியாழன் நண்பகலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விலை ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நின்றது. ஈசித்ரோதான் என்று எர்மீனியோ புரிந்துகொண்டார், லொரேன் சொன்ன தொகைக்கு அது ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்து மாறவில்லை. நாலு நிமிடம். மூன்று. ஒன்று. யாரும் ஏறவில்லை. இப்படியே முடிந்தால் கோர்ட்டு வாசல். டெல்ஃபீனா வெறும் பாத்திரத்தைக் கிளறியது அவர் கண்முன் வந்தது.

அந்தப் பையன் தயங்குகிறான் என்று நினைத்தார். எல்லோரும் முடியாது என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு கை எழுந்தால் இன்னும் ஐந்நூறு, ஆயிரம் ஏறத்தான் செய்வார்கள். முப்பது வருடமாகப் பார்த்ததுதானே. ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் என்று அடித்து, பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு எழுத்து பச்சையானது. அடிவிலையை எட்டியது.

எர்மீனியோ நாற்காலியில் சாய்ந்து உரக்கவே சிரித்துவிட்டார். அடிவிலைக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே வெறும் ஐந்நூறு டாலர்தான் இருந்திருக்கிறது. இப்போது அவன் ஒரு கை தூக்கினால் போதும். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும் போல, கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. "ஏறுடா தம்பி" என்றார் திரையைப் பார்த்து. "ஒரு கை. ஒரே ஒரு கை தூக்கு."

தம்பி ஏறவில்லை. அவனிடம் நிஜமாகவே அவ்வளவுதான் இருந்தது. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. வாழ்த்துக்கள், வீடு உங்களுக்கு என்று திரை சொன்னது.

அப்போதுகூட அவர் பயப்படவில்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். லொரேனுக்குப் போன் போட்டார்.

"லொரேன், ஏலத்துல ஜெயிச்சது நான்தான். டெல்ஃபீனாவோட அண்ணன். நான் திரும்ப விடறேன். அந்தப் பையனுக்கே கொடுத்துடச் சொல்லுங்க. அந்த ஐந்நூறு டாலரை என் கையிலேர்ந்து போட்டுடறேன்."



"எர்மீனியோ" என்றாள் லொரேன். "நீங்க பேரைப் பதிஞ்சப்போ, விற்கறவங்களுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லைன்னு ஒரு கட்டம் வந்திருக்குமே. அதுல என்ன பண்ணீங்க?"

"எல்லாத்துலயும் டிக் அடிச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"அப்பத்தானே உள்ள விடறான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதுல திரும்ப விடறதுன்னு ஒண்ணு கிடையாது" என்றாள். "உறவுக்காரங்களை வச்சு விலையை ஏத்தினதா எழுதுவாங்க. மோசடின்னு எழுதுவாங்க. நான் பேசிப் பாக்கறேன். ஆனா நம்பிக்கை வச்சுக்காதீங்க."

அவள் பேசிப் பார்த்தாள். இரண்டு வாரம் பேசினாள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல். ஈசித்ரோ அடிவிலைக்குக் கீழேதான் கேட்டான், அதனால் அவனுக்கு உரிமையில்லை என்றது ஒரு குரல். ஈசித்ரோ அந்த ஐந்நூறையும் கடன் வாங்கித் தருகிறேன் என்றான். உறுதிமொழி மீறப்பட்டது, கோப்பை மூடியாயிற்று என்றது இன்னொரு குரல். அந்த ஏலக் கம்பெனியும் தவணைக் கம்பெனியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம் என்று லொரேன் பின்னால் கண்டுபிடித்தாள். அண்ணனும் தங்கையும் உறவாக இருந்தால் மோசடி, கம்பெனியும் கம்பெனியும் உறவாக இருந்தால் வியாபாரம். யாரிடம் போய் அதைக் கேட்பது? மே முதல் வாரம் ஈசித்ரோவும் மாரிசெலாவும் டோஸ் பாலோஸில் வேறு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். மாரிசெலா போன் செய்து டெல்ஃபீனாவிடம் அழுதாள்.

தங்கையிடம் எர்மீனியோ ஏலம் முடிந்த அன்று மாலையே தானே போய்ச் சொல்லியிருந்தார். அவள் முன்னால் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னார்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் டெல்ஃபீனா.

"யாரும் கேக்கல."

"அதான் கேக்கறேன். உன்னை யாரு கேட்டா?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பேசவில்லை.

மே பதினாலாம் தேதி மெர்செட் கோர்ட்டு வாசலுக்கு எர்மீனியோ தனியாகப் போனார். டெல்ஃபீனா வரவில்லை. படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏலம் கூறுகிறவன் ஒரு அட்டையைப் பார்த்து மளமளவென்று படித்தான். டெல்ஃபீனாவின் பெயரைத் தப்பாக உச்சரித்தான். இன்னார் வீட்டுக் கன்று என்று பெயர் சொல்லும்போது திருவிழாவில் கைதட்டுவார்கள். இங்கே யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. கம்பெனியின் ஆரம்ப விலை தொண்ணூற்றெட்டாயிரம். எர்மீனியோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். சரியாகத்தான் கேட்டிருந்தார். ரப்பர் செருப்புப் போட்ட ஒருவன் ஒரு டாலர் கூட்டிக் கேட்டான். வேறு யாரும் கேட்கவில்லை. தொண்ணூற்றெட்டாயிரத்து ஒரு டாலருக்கு வீடு முடிந்தது. ஈசித்ரோ கேட்டதைவிட இருபத்தாறாயிரம் குறைவு. அந்தப் படியில் உட்கார்ந்து மனிதன் வாய்விட்டு அழுதார். செருப்புக்காரன் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஆறாம் தெரு வீட்டுக்கு, ஆபீஸில் சொன்னபடியே, மனுவை வாங்கவில்லை. டெல்ஃபீனா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரி வீட்டு மாடியில் ஓர் அறைக்குப் போனாள். பதினெட்டுப் படி. எல்மானோ டர்லாக்குக்குப் போனான்.

ஜூனில் திருவிழா வந்தது. இல்லத்து வேன் எல்மானோவைப் பகலுக்கு மட்டும் கொண்டுவந்து விட்டது. நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளும், ஐந்து மணிச் சோற்றுக்கு ஆள் இருக்கவேண்டும் என்பது சட்டம். டெல்ஃபீனா அவனுக்கு ரொட்டியைச் சாற்றில் பிசைந்து கொடுத்தாள். அண்ணனுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

கன்றுகள் வந்தன. முதல் கன்று முந்நூறு டாலரில் முக்கிக்கொண்டு நின்றபோது ஏலம் விடுகிற கில்பெர்ட்டோ வழக்கம்போல இந்தப் பக்கம் திரும்பினான். "எங்க நம்ம எர்மீனியோ? கை சுளுக்கிக்கிச்சா?"

கூட்டம் சிரித்தது. எர்மீனியோ கைகளைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு நின்றார்.

"தூக்கு மச்சான்" என்றான் எல்மானோ நாற்காலியிலிருந்து, மெல்ல. "இங்க தூக்கினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. எர்மீனியோ கையை வெளியே எடுக்கவேயில்லை. கன்று முந்நூறுக்கே போயிற்று.

நாலு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் நாற்காலியை ஏற்றிப் பூட்டிவிட்டு அட்டையில் செருகிய காகிதத்தை நீட்டினான். ஒப்படைக்கிறவர் யாராவது கையெழுத்துப் போடவேண்டும். டெல்ஃபீனா பேனாவை வாங்கினாள், பிறகு எர்மீனியோவிடம் நீட்டினாள். ஏழு வாரம் கழித்து அவரிடம் முதல்முறையாகப் பேசினாள்.

"நீ போடு. உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும். படிச்சுட்டுப் போடு."

எர்மீனியோ சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான். உறவு என்ற கட்டத்தில், மனைவியின் அண்ணன் என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.